ரியூ தீவுக் கடலடியில் ஒரு பி-38: செந்த்-எக்சுபெரியின் விமானமும் கிடைக்காத கல்லறையும்

1944 ஜூலை 31 அன்று காலை 8.45 மணியளவில், கோர்சிகா தீவின் போர்கோ விமானத்தளத்திலிருந்து ஒருவர் மட்டுமே அமரக்கூடிய பி-38 விமானம் ஒன்று புறப்பட்டது. அதை ஓட்டிச் சென்றவர் பிரெஞ்சு விமானப்படை மேஜரும் எழுத்தாளருமான அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. தமிழில் பிரெஞ்சிலிருந்தே நேராக மொழிபெயர்க்கப்பட்ட 'குட்டி இளவரசன்' வழியாக நம்மில் பலரும் அறிந்த அதே மனிதர். விமானம் திரும்பவில்லை. அது எங்கே விழுந்தது என்பது உறுதிப்பட அறுபது ஆண்டுகள் ஆயின. அதை ஓட்டியவரின் உடல் எங்கே இருக்கிறது என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. இந்த இரண்டு கேள்விகளும் பத்திரிகைச் செய்திகளில் ஒன்றோடொன்று கலந்தே வந்திருக்கின்றன. முதல் கேள்விக்கான சான்றை இரண்டாவதற்கும் சான்றாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அதனால் பரவிவிட்டது. இரண்டையும் பிரித்து, எந்தச் சான்று எதை நிறுவுகிறது என்று பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

முதலில் விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாக்ஹீட் நிறுவனத்தின் பி-38 இரண்டு எஞ்சின்களும் இரண்டு வால்தண்டுகளும் கொண்ட போர்விமானம். அவர் ஓட்டியது அதன் உளவு வடிவமான எஃப்-5பி. மூக்குப் பகுதியில் இருந்த பீரங்கியையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேமராக்களைப் பொருத்தியிருந்தார்கள். ஆகவே எதிரி விமானம் நெருங்கினால் திருப்பிச் சுட வழி கிடையாது. உயரமும் வேகமும்தான் காவல். அன்றைய பணி தென்கிழக்குப் பிரான்சின் கிரனோபிள், அன்னசி பகுதிகளைப் படமெடுத்துத் திரும்புவது. தென் பிரான்சில் நேச நாட்டுப் படைகள் ஆகஸ்ட் 15 அன்று தரையிறங்க இருந்த நிலையில், அதற்கு முன்னோடியாக நடந்த பல படமெடுப்புப் பறப்புகளில் இதுவும் ஒன்று. எரிபொருள் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கே போதும் என்பதால், பிற்பகல் இரண்டரை மணி கடந்ததும் தளத்தில் இருந்தவர்களுக்கு நிலைமை புரிந்துவிட்டது.

விமானியின் உடல்நிலையையும் இங்கே குறிக்க வேண்டும், ஏனெனில் விழுந்ததற்கான காரணம் பற்றிய எந்த விவாதமும் அதைத் தொடாமல் போவதில்லை. அவருக்கு அப்போது வயது 44. அந்த வகை விமானத்துக்கு வகுத்திருந்த வயது வரம்பை அவர் எப்போதோ கடந்திருந்தார். 1935இல் லிபியப் பாலைவனத்திலும் 1938இல் குவாத்தமாலாவிலும் நடந்த விபத்துகளின் காயங்கள் உடலில் தங்கியிருந்தன. பறக்கும் உடையை உதவியில்லாமல் அணிய முடியாது. கழுத்தை இடப்புறம் முழுமையாகத் திருப்ப முடியாது. 1943இல் தரையிறங்கும்போது ஒரு விமானத்தைச் சேதப்படுத்தியதற்காகப் பல மாதங்கள் பறக்கத் தடை விதிக்கப்பட்டிருந்தவர், அமெரிக்கத் தளபதி ஈக்கரின் சிறப்பு அனுமதி பெற்றே மீண்டும் விமானத்தில் ஏறினார். ஆகவே எதிரித் தாக்குதல், ஆக்சிஜன் கோளாறு, எஞ்சின் பழுது, மயக்கம் ஆகிய அனைத்துமே நடந்திருக்கக்கூடியவை. தானே உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் சிலர் எழுதினார்கள். அவருடைய கடைசிக் கடிதங்களில் சோர்வு தெரிவது உண்மைதான். ஆனால் கடிதத்தின் மனநிலையைக் கொண்டு விமானம் ஏன் விழுந்தது என்று தீர்ப்பெழுதுவதை நான் ஏற்கவில்லை.

போருக்குப் பிந்தைய ஐம்பது ஆண்டுகளில் தேடியவர்களிடம் இருந்தவை காகிதங்களும் நினைவுகளும் மட்டுமே. அவற்றில் முதலில் பெரிதாகப் பேசப்பட்டது ஹெர்மன் கோர்ட் என்ற ஜெர்மானியரின் குறிப்பு. போர்க்காலத்தில் இத்தாலியின் கார்டா ஏரியருகே இருந்த ஜெர்மன் விமானப்படை அலுவலகத்தில் பணியாற்றிய அவர், உளவு விமானம் ஒன்று எரிந்தபடி கடலில் விழுந்ததாகத் தொலைபேசியில் வந்த செய்தியைக் குறித்து வைத்திருந்தார். 1948இல் அதைப் பாரிஸ் பதிப்பாளர் கலிமாருக்கு எழுதியனுப்பினார். நாளும் இடமும் ஓரளவு பொருந்தியதால் பலர் அதை முடிவாகவே எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் இரு தரப்பு இழப்புப் பட்டியல்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோது, அந்தக் குறிப்பு அதற்கு முந்தைய நாளான ஜூலை 30 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட மெரிடித் என்ற அமெரிக்க உளவு விமானிக்கே பொருந்துவதாகத் தெரிந்தது. ஒரே வகை விமானம், ஒரே வகைப் பணி, ஒரே கடற்பரப்பு, ஒரே ஒரு நாள் வித்தியாசம். போர்க்கால விமான விபத்துகளை ஆராய்பவர்கள் அடிக்கடி இடறும் இடம் இது. பெரிய பெயர் ஒன்று காணாமற்போயிருக்கும்போது, அக்கம்பக்கத்துச் சான்றுகளெல்லாம் அந்தப் பெயரை நோக்கியே இழுக்கப்படுகின்றன. அதனால் இன்னொரு இளைஞரின் மரணம் அவருடைய கணக்கிலிருந்தே காணாமற்போகிறது.

தேடிய இடமும் அப்படித்தான் முன்கூட்டிய எண்ணத்தால் குறுகியது. அன்னசியிலிருந்து கோர்சிகாவுக்குத் திரும்பும் நேர்வழி நீஸ் கடற்கரையை ஒட்டிச் செல்வதால், கடலில் தேடியவர்கள் அந்தக் கரையையே நம்பினார்கள். ஆல்ப்ஸ் மலைகளில் விழுந்திருக்கலாம் என்று கருதியவர்களும் உண்டு. நீஸிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் மேற்கே உள்ள மார்செய் பக்கம் பார்வை போக எந்தக் காரணமும் இல்லை.

1998 செப்டம்பர் 7 அன்று அந்தக் காரணம் ஒரு மீன்வலையில் வந்தது. மார்செய் மீனவர் ழான்-குளோத் பியாங்கோ, ரியூ தீவை ஒட்டிய கடலில் இழுத்த வலையில், உப்புப் படிந்து கறுத்துப்போன வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்றைக் கண்டார். துடைத்துப் பார்த்தபோது செந்த்-எக்சுபெரியின் பெயரும், மனைவி கோன்சுவேலோவின் பெயரும், நியூயார்க் பதிப்பாளர்களான ரேனல் அண்ட் ஹிட்ச்காக் நிறுவனத்தின் நான்காவது அவென்யூ முகவரியும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவில் தங்கியிருந்த ஆண்டுகளில் அவருடைய நூல்களை வெளியிட்ட நிறுவனம் அதுவே. ஆனாலும் செய்தி வெளிவந்ததும் கிடைத்தது பாராட்டைவிடச் சந்தேகமே. ஐம்பது ஆண்டுகளாக எல்லோரும் நீஸைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மார்செய் கடலில் ஒரு கைச்சங்கிலி எப்படி வரும் என்று கேட்டார்கள், போலி என்றார்கள். கண்டெடுத்தவரையே குற்றவாளிபோல நடத்திய அந்தப் போக்கு எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. சந்தேகம் ஆய்வுக்குத் தேவைதான். ஆனால் பொருளைச் சோதிக்க வேண்டிய சந்தேகம் முதலில் மனிதர் மேல் பாய்ந்தது.

கைச்சங்கிலி உண்மையானதே என்று கொண்டாலும், அது காட்டுவது எவ்வளவு? இழுவலை கடலடியைப் பல கிலோமீட்டர் தூரம் வாரிக்கொண்டு போகும். அந்தப் பாதையில் எந்தப் புள்ளியில் அந்தப் பொருள் வலைக்குள் ஏறியது என்று யாராலும் சொல்ல முடியாது. கையில் அணிந்திருந்த பொருள் என்பதால் உடலும் அங்கேதான் என்று உடனே எழுதினார்கள். அது அவசரம். விமானம் அந்த வட்டாரத்தில் இருக்கலாம் என்பதற்கு மேல் கைச்சங்கிலியால் எதையும் சொல்ல இயலாது. அதற்கு அந்த மதிப்பே போதுமானது. ஐம்பது ஆண்டுத் தேடலை அது சரியான கடற்பரப்புக்குத் திருப்பியது. ஆழ்கடல் பணிகளில் பெயர்பெற்ற கோமெக்ஸ் நிறுவனம் தன் கருவிகளுடன் தேடலில் இறங்கியது.

விமானத்தைக் கண்டடைந்தவர் மார்செய்யைச் சேர்ந்த முக்குளிப்பாளர் லுக் வான்ரெல். ரியூ தீவைச் சுற்றிய கடலடி அவருக்குப் பழகிய இடம். அங்கே சிதறிக் கிடந்த உலோகத் துண்டுகளைப் படமெடுத்து, பி-38இன் தொழில்நுட்ப வரைபடங்களோடு துண்டுதுண்டாக ஒப்பிட்டு, 2000 மே மாதத்தில் அரசின் கடலடித் தொல்லியல் துறையிடம் தன் கண்டுபிடிப்பைப் பதிவு செய்தார். ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நீளமும் 400 மீட்டர் அகலமும் கொண்ட பரப்பில், 80 மீட்டரைக் கடந்த ஆழம் வரை, சிதைவுகள் கிடந்தன.

இந்தக் கட்டத்தில் நடந்த வேலையே இந்த ஆய்வின் மிகச் சிறந்த பகுதி என்பேன். ஒரு பி-38 கிடைத்துவிட்டது என்பதால் அது அவருடையதாகிவிடாது. அந்தக் கடற்கரையோரம் பல பி-38கள் விழுந்திருக்கின்றன. அருகிலுள்ள லா சியோத்தா கடலில் 1944 ஜனவரியில் விழுந்த ஒன்று முக்குளிப்பாளர்களுக்கு நன்கு தெரிந்த இடமாகவே இருக்கிறது. தென் பிரான்சில் விழுந்த விமானங்களை நீண்டகாலமாக ஆராய்ந்து வந்த ஃபிலிப் கஸ்தெலானோ இங்கே துணைக்கு வந்தார். எஃப்-5பி, பி-38இன் பிற்கால 'ஜே' வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. காற்றைக் குளிர்விக்கும் அமைப்பை இறக்கையிலிருந்து எஞ்சினின் அடிப்பக்கத்துக்கு மாற்றியது அந்த வடிவத்தின் முக்கிய மாற்றங்களில் ஒன்று. எஞ்சின் உறைகளும் அதற்கேற்ப வேறுபடும். ரியூ கடலடித் துண்டுகள் பிற்கால வடிவத்தையே காட்டின. அதன்பின் அந்தக் கடற்பரப்பில் காணாமற்போன அதே வடிவ விமானங்களை இழப்பு அறிக்கைகளைக் கொண்டு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனார்கள். அமெரிக்க விமானப்படை காணாமற்போன ஒவ்வொரு விமானத்துக்கும் தனி அறிக்கை எழுதி வைத்திருந்தது இத்தகைய தேடல்களுக்குப் பெரிய கொடை. விமான எண், எஞ்சின் எண்கள், கடைசியாகப் பார்த்த இடம், வானிலை என அனைத்தும் அந்த அறிக்கைகளில் இருக்கும். கழித்துக் கழித்து எஞ்சியவற்றில் செந்த்-எக்சுபெரியின் விமானமே முதன்மையாக நின்றது. இருந்தும் கழித்தல் முறையால் பெறும் முடிவு நிகழ்தகவே, நிரூபணம் ஆகாது. பட்டியலில் ஒரு விமானம் விடுபட்டிருந்தால்கூட முடிவு மாறிவிடும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அதே இடத்தில் கிடந்த எஞ்சின்களில் ஒன்று பி-38க்கு உரியதே அல்ல. பி-38இல் உள்ள அலிசன் எஞ்சினின் உருளைகள் மேல்நோக்கி அமைந்தவை. ஜெர்மன் டைம்லர்-பென்ஸ் எஞ்சினின் உருளைகள் தலைகீழாகக் கீழ்நோக்கி அமைந்தவை. கிடைத்தது இரண்டாம் வகை. ஜெர்மன் ஆய்வாளர் லீனோ ஃபோன் கார்ட்சன் அந்த எஞ்சினின் தடத்தைப் பின்தொடர்ந்து, அது 1943 டிசம்பரில் வீழ்ந்த மெசர்ஷ்மிட் 109 என்ற வகை ஜெர்மன் போர்விமானம் ஒன்றுக்கு உரியது என்றும், அதை ஓட்டியவர் பென்தைம்-ஸ்டைன்ஃபர்ட் குடும்பத்தைச் சேர்ந்த இளவரசர் அலெக்சிஸ் என்றும் காட்டினார். இருபத்தோராம் வயதில் இறந்தவர் அவர். ஒரே கடலடியில், எட்டு மாத இடைவெளியில், எதிரெதிர்ப் படைகளின் இரண்டு விமானங்கள். பெரிய பெயரைத் தேடிப் போனவர்களுக்குக் கிடைத்த இந்த இரண்டாவது விடையை நான் முதல் விடைக்குக் குறைந்ததாக எண்ணவில்லை. அதே நேரம், சிதைவுப் பரப்பில் கிடைக்கும் ஒவ்வொரு துண்டையும், எலும்பே கிடைத்தாலும் அதையும், இனி யாருடையது என்று தனித்தனியாகக் கேட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தையும் அது உண்டாக்கியது.

சிதைவுகளை மேலே கொண்டுவர அரசின் அனுமதி தேவைப்பட்டது. அது கிடைக்க மூன்று ஆண்டுகளுக்கும் மேலாயின. குடும்பத்தினரிடையே தேடலில் விருப்பமின்மை இருந்தது. அவர் கடலில் அமைதியாக இருக்கட்டும் என்ற எண்ணத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2003 செப்டம்பரில் துண்டுகள் சில மேலே வந்தன. துப்புரவு செய்தபோது, இடப்பக்க எஞ்சின் பகுதியைச் சேர்ந்த ஓர் உலோகத் துண்டில் '2734 எல்' என்ற எழுத்துகள் தெரிந்தன. 'எல்' என்பது இடப்பக்கம். 2734 என்பது லாக்ஹீட் தொழிற்சாலையின் உற்பத்தி எண். அந்த உற்பத்தி எண்ணுக்கு நேராகத் தொழிற்சாலைப் பதிவேட்டில் இருந்த படை எண், அதாவது விமானப்படை அந்த விமானத்துக்குக் கொடுத்த எண், 42-68223. போர்கோவிலிருந்து ஜூலை 31 அன்று புறப்பட்ட விமானத்தின் எண் அதுவே. வாலில் பெயிண்டால் எழுதிய படை எண் கடலில் எப்போதோ கரைந்துபோயிருக்கும். தொழிலாளி ஒருவர் பொருத்தும் வசதிக்காகப் பொறித்த எண்ணே அறுபது ஆண்டுகள் தாங்கியது. 2004 ஏப்ரல் 7 அன்று அடையாளம் அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. துண்டுகள் இப்போது பாரிஸ் அருகே லெ பூர்ழேயிலுள்ள விமான அருங்காட்சியகத்தில் உள்ளன.

முதல் கேள்வி அங்கே முடிந்தது. கைச்சங்கிலி, கழித்தல், உற்பத்தி எண் என்று மூன்று தனித்தனித் தடங்கள் ஒரே இடத்தில் சந்தித்ததால் அந்த முடிவை அசைப்பது கடினம்.

விழுந்த காரணம் பற்றி உலோகம் ஓரளவே பேசியது. துண்டுகள் நொறுங்கிய விதம், விமானம் ஏறத்தாழச் செங்குத்தாக, மிகுந்த வேகத்தில் நீரில் மோதியதைக் காட்டுவதாக ஆய்ந்தவர்கள் கருதினார்கள். குண்டுத் துளைகள் காணப்படவில்லை. மேலே வந்தது விமானத்தின் ஒரு சிறு பகுதியே என்பதால், சுடப்படவில்லை என்று இதைக் கொண்டு கூற முடியாது. 2008இல் ஹோர்ஸ்ட் ரிப்பர்ட் என்ற முன்னாள் ஜெர்மன் விமானி, அன்று மார்செய் அருகே பி-38 ஒன்றைச் சுட்டது தானே என்று சொன்னார். அவர் பொய் சொன்னார் என்று நான் கருத எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் அந்த நாளுக்குரிய ஜெர்மன் பதிவுகளில், அப்படி ஒரு விமானத்தை வீழ்த்தியதாக எந்த விமானியும் உரிமை கோரியது காணப்படவில்லை. அவர் பேசியதோ விமானம் கிடைத்த இடம் உலகுக்கே தெரிந்த பிறகு. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் வரும் நினைவை, அதற்குத் துணையாக அக்காலத்துக் காகிதம் ஏதும் இல்லாதபோது, சாத்தியம் என்ற தட்டில் வைக்கலாமே தவிர நிறுவப்பட்டது என்ற தட்டில் வைக்கக் கூடாது. கோர்ட்டின் குறிப்பு அன்றே எழுதப்பட்டது. அதுவே ஒரு நாள் பிசகில் வேறொருவருடையதாக முடிந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. தூலோன் நகரை அடுத்த கார்க்கெரான் என்ற கடற்கரை ஊரின் கல்லறைத் தோட்டத்தில், 1944 செப்டம்பரில் அடையாளம் தெரியாத உடல் ஒன்று அடக்கம் செய்யப்பட்டது. கடலில் கிடைத்த உடல். பிரெஞ்சு நிறங்களைத் தாங்கியிருந்தது. முகம் அறிய முடியாத நிலை. அந்த ஊரின் வளைகுடாவருகே ஆகஸ்ட் 1 நண்பகல் அளவில் விமானம் ஒன்று விழுந்ததைக் கண்டதாக ஒரு பெண் சொல்லியிருந்தார். இந்த இரண்டையும் இணைத்து, அது செந்த்-எக்சுபெரியின் கல்லறையே என்று நம்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் உள்ள ஏக்கம் எனக்குப் புரிகிறது. மண்ணிலோ நீரிலோ ஓர் இடத்தைக் காட்டி இங்கே இருக்கிறார் என்று சொல்ல முடிந்தால்தான் இறப்பு நிறைவடைவதாக நம் ஊரிலும் எண்ணுகிறோம்.

ஆனால் சான்றுகளை எடைபோட்டால் அவை அந்தப் பக்கம் சாயவில்லை. பெண் சொன்ன நாள் ஒரு நாள் தள்ளியிருக்கிறது. அவர் நாளை மறந்திருக்கலாம் என்று விட்டுக்கொடுத்தாலும் இடத்தை விட்டுக்கொடுக்க முடியாது: விமானம் ரியூ அருகே விழுந்தது என்பது இப்போது உறுதி, கார்க்கெரான் அதற்கு ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே உள்ளது. ஆகவே அவர் கண்டது வேறொரு விமானம். அது நீங்கினால் கல்லறைக்கும் அவருக்கும் இடையே இருந்த முதன்மையான கயிறு அறுந்துவிடுகிறது. எஞ்சியிருப்பது பிரெஞ்சு நிறங்கள் மட்டுமே. ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய தரையிறக்கத்தில் பிரெஞ்சுப் படைகள் பெருமளவில் பங்கேற்றன. தூலோனும் மார்செய்யும் அந்த மாத இறுதிக்குள் கடும் சண்டைக்குப் பின் மீட்கப்பட்டன. அந்த வாரங்களில் அந்தக் கடற்கரையில் பிரெஞ்சு உடையணிந்த உடல் ஒன்று ஒதுங்குவதற்கு எத்தனையோ காரணங்கள் இருந்தன. மேலும், விமானம் அத்தனை வேகத்தில் செங்குத்தாக நீரில் மோதியது என்பதை ஏற்றால், விமானியறையிலிருந்து ஒரு முழு உடல் வெளியேறி மிதந்து சென்றிருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். அவர் முன்கூட்டியே பாராசூட்டில் குதித்திருந்தால் மட்டுமே அது நடந்திருக்க முடியும். கைச்சங்கிலி சிதைவுகளின் வட்டாரத்திலேயே கிடைத்தது அதற்கு எதிராக நிற்கிறது. என் கணிப்பில் அவர் ரியூ அருகேதான் இருக்கிறார். இது கணிப்பு, '2734 எல்' போன்ற நிரூபணம் அல்ல.

கார்க்கெரான் உடல் யாருடையது என்பது மரபணு ஒப்பீட்டால் நிறுவப்படவில்லை. செந்த்-எக்சுபெரிக்குப் பிள்ளைகள் இல்லை. ஒப்பிட வேண்டுமானால் சகோதரி காப்ரியேலின் வழிவந்த உறவினர்களின் இசைவு வேண்டும். கல்லறையைத் திறக்க அரசின் ஆணையும் வேண்டும். அப்படி ஒரு சோதனை நடந்தால், அதன் நியாயம் புகழ்பெற்ற எழுத்தாளரைத் தேடுவதில் மட்டும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அந்தக் குழியில் இருப்பவர் அவர் அல்லர் என்று தெரியவந்தால் வேலை முடிந்துவிட்டதாகக் கோப்பை மூடுவது பெரும் பிழையாகும். எடுத்த மரபணு விவரத்தைக் கொண்டு, 1944 கோடையில் அந்தக் கடலில் காணாமற்போன மற்ற பிரெஞ்சு வீரர்களின் குடும்பங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டம் முன்பே இருக்க வேண்டும். அந்தத் திட்டம் இல்லாமல் மண்ணைத் தோண்ட நான் உடன்பட மாட்டேன்.

ரியூவில் மேலும் தோண்டலாமா என்பதற்கும் அதே அளவுகோல்தான். விமானத்தின் பெரும்பகுதி இன்னும் அங்கேயே கிடக்கிறது. அதே பரப்பில் வீழ்ந்த மெசர்ஷ்மிட்டின் விமானியையும் சேர்த்தே அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். அடையாளம் நிறுவப்பட்டுவிட்ட நிலையில், குண்டுத் துளையைத் தேடுவதற்காக மட்டும் எஞ்சிய துண்டுகளைக் கிளறுவதற்குப் போதிய காரணம் எனக்குத் தெரியவில்லை. செந்த்-எக்சுபெரியின் பெயர் 1967 முதல், பிரான்சின் பெரியோருக்கான நினைவு மண்டபமான பாரிஸ் பாந்தியோனின் சுவரில் இருக்கிறது. அங்கே உடல் இல்லை, பொறித்த எழுத்துகள் மட்டுமே. கார்க்கெரானில் உடல் இருக்கிறது, பெயர் இல்லை. இப்போதைய சான்றுகளின்படி இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க யாருக்கும் உரிமை இல்லை.